அண்ணன் காரின் பெட்ரோல் முள்

இன்று காலை அண்ணன் போன் செய்தார். "தம்பி, கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும். உன் காரை எடுத்துட்டு வாரியா? பெட்ரோல் இருக்குல்ல?"

பெட்ரோல் இருக்கிறதா என்று என்னிடம் கேட்கிறார்!

எண்பதுகளில் வண்டியூரில் எங்கள் தெருவிலேயே கார் வைத்திருந்தது அவர் ஒருவர்தான். என் மனைவிக்கு இடுப்புவலி எடுத்த மத்தியானம் அவரிடம்தான் ஓடினேன். சாவியைத் திருகிக் காட்டினார். முள் காலியில் கிடந்தது.

"சொட்டுப் பெட்ரோல் இல்லடா தம்பி."

ரிக்‌ஷாவில் போனோம். ஆஸ்பத்திரி வாசலிலேயே மகள் பிறந்துவிட்டாள்.

அடுத்த வாரம் அண்ணன் வெளியூர் போயிருந்தபோது அண்ணி, "எம்புட்டுப் பெட்ரோல் போட்டாலும் முள் ஏற மாட்டேங்குது தம்பி" என்று புலம்பினார். நானே காரை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போனேன்.

மெக்கானிக் டிக்கியைத் திறந்து ஒரு ஒயரைத் தூக்கிக் காட்டினார். "மீட்டர் நல்லாத்தாண்ணே இருக்கு. டேங்க்ல இருந்து வார ஒயரை யாரோ கழட்டி, பத்திரமா துணி சுத்தி வச்சிருக்காக."

அந்தத் துணி அண்ணனுடைய கட்டம் போட்ட கைக்குட்டை.

கார் கேட்டு வருகிறவர்களை விரட்ட இப்படி ஒரு வேலை! பிரசவ வலியில் துடித்தவளுக்கும் அதே முள்ளைத்தான் காட்டினார்.

"வாரேண்ணே" என்று சொல்லிவிட்டேன். சாவியை இன்னும் எடுக்கவில்லை.

நீங்களே சொல்லுங்கள், என் காரில் முள் எங்கே நிற்க வேண்டும்?