இருவரையும் தெரிந்த ஒருவர்

இருபத்தாறு வருடமாக அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் கல்லுளிமங்கன். திட்டினாலும் பதில் வராது, பாராட்டினாலும் வராது. கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் தனியாக உட்கார்ந்து எண்ணெய் போடுவதென்றால் அவருக்குப் பிடிக்கும். அங்கே யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தானுண்டு, தன் வேலையுண்டு.

அப்படி ஒரு மோட்டார் அறையில் இருந்தபோதுதான் போன் வந்தது. இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"சார், உங்க அக்கா பாலிசி விஷயமா பேசறேன். நீங்கதான் நாமினி. மூணு கடிதம் போட்டோம், மூணும் திரும்பி வந்துடுச்சு. தம்பி, லிஃப்ட் மெக்கானிக்னு எழுதியிருந்தாங்க. லைசன்ஸ் கொடுக்கிற இடத்துல விசாரிச்சு உங்க நம்பரைப் பிடிச்சோம்."

"பாலிசி அவளுதுதானே? அவளே வந்து வாங்கிக்கட்டும்" என்றார்.

அந்தப் பெண்ணின் குரல் இறங்கியது.

"சார், உங்களுக்குத் தெரியாதா? அவங்க தவறி ரெண்டு வருஷம் ஆகுது. குடியிருந்த வீட்டுக்காரம்மாதான் எங்களுக்குத் தகவல் சொன்னாங்க."

போனை வைத்துவிட்டு மிச்ச எண்ணெயையும் போட்டு முடித்தார். பதினோரு மாடியையும் படியிலேயே இறங்கினார்.

அப்பா படுக்கையில் கிடந்த பதினான்கு மாதமும் பார்த்துக்கொண்டது அக்காதான். இவர் வேலை வேலை என்று சாக்குச் சொல்லி ஒருமுறைகூடப் போகவில்லை. நாளுக்கு நாள் மெலிந்துபோகும் அப்பாவைப் பார்க்கப் பயம். அதை யாரிடமும் சொன்னதில்லை. எல்லாம் முடிந்த பிறகு போய் நின்றவரிடம், "இப்ப மட்டும் எதுக்கு வந்தே?" என்றாள் அக்கா. அந்த ஒரு கேள்விதான். வந்த வழியே திரும்பினார். பதினேழு வருடம் ஓடிவிட்டது.

கேட்பாரற்ற பாலிசிகளைப் பார்க்கும் பிரிவு ஆபீஸின் பின்கட்டில் இருந்தது. போனில் பேசிய அதே பெண் பழைய ஃபைலைத் திறந்து காட்டினாள்.

"முதல்ல நாமினியா அப்பா பேரு இருந்திருக்கு. அப்புறம் உங்க பேருக்கு மாத்தியிருக்காங்க."

மாற்றிய தேதியைப் பார்த்தார். சண்டை நடந்து எட்டாவது மாதம். பெயருக்குக் கீழே அவர் அப்போது தங்கியிருந்த அறையின் முகவரி, அக்காவின் குண்டு குண்டான கையெழுத்தில். அந்த வருடமே அவர் அறையைக் காலி செய்திருந்தார், யாரிடமும் சொல்லாமல்.

"நீங்கதான் தம்பின்னு, அவங்களையும் உங்களையும் தெரிஞ்ச ரெண்டு பேர் இந்த ஃபாரத்துல கையெழுத்துப் போடணும் சார்."

"அப்படி யாரும் இல்லைம்மா."

"சொந்தக்காரங்க? பழைய அக்கம்பக்கம்?"

"ரெண்டு பேரையும் தெரிஞ்சவங்க யாரும் உயிரோட இல்லை."

அவள் மேனேஜரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். அக்காவைத் தெரிந்த ஒருவர், அவரைத் தெரிந்த ஒருவர் என்று வந்தாலும் போதும் என்றாள்.

அடுத்த வாரம் அக்கா குடியிருந்த வீட்டுக்காரம்மாவும் இவருடைய சூப்பர்வைசரும் வந்தார்கள். அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானா அந்தத் தம்பி? அவனுக்கு மூச்சு விட நேரமில்லைன்னு எப்பப் பாத்தாலும் உங்க பேச்சுதான். எந்த லிஃப்ட்ல ஏறினாலும் காதைத் தீட்டிக்குவாங்க. 'இதுக்கு எண்ணெய் போடலை, என் தம்பி பாத்தா திட்டுவான்'னு சொல்வாங்க."

சூப்பர்வைசர் வாயைப் பிளந்தார். "யோவ், உனக்கு அக்கா இருந்தாங்களா? பதினாலு வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னதில்லையே!"

இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்ததும் வீட்டுக்காரம்மா குரலைத் தாழ்த்தினார்.

"கடைசியில உங்களுக்குச் சொல்லி அனுப்பட்டுமான்னு கேட்டேன் தம்பி. 'வேண்டாம், அவன் பயந்துடுவான்'னுட்டாங்க."

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். சூப்பர்வைசர் வண்டியை எடுக்காமல் காத்திருந்தார்.

பணம் ஆறு வாரத்தில் வந்தது. அதை அவர் இன்னும் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமைக்கவும் பிடிக்காமல், வீட்டுக்காரம்மாவுக்குப் போன் செய்தார்.

"அக்காவைப் பத்தி ஏதாவது சொல்லுங்கம்மா."

"என்ன தம்பி சொல்றது?"

"எதுன்னாலும் சரி. காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பா? அதுலேருந்து சொல்லுங்க."