சாம்பிராணி போட்ட மூட்டை

ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் மணம் வரும், கடை அப்புறம்தான் கண்ணில் படும். காப்பி வறுக்கிற உருளை சுற்றச் சுற்ற, பச்சைக் கொட்டை வைக்கோல் நிறமாகி, பழுப்பேறி, படபடவென்று வெடிக்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் நான் கல்லாவில் உட்கார்ந்திருப்பேனே தவிர, ஆள் அங்கே இருக்க மாட்டேன். மேற்கே மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு எங்கேயோ போய்விடுவேன். தூள் வாங்க வந்தவர் இரண்டு முறை கூப்பிடவேண்டும். மூன்றாம் முறை கூப்பிட்டால் எனக்குக் கோபம் வரும். தப்பு என்மேல் என்று தெரிந்தாலும் வரும்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து போட்ட கடை இது. டப்பாக்கள் எல்லாம் அணிவகுப்பில் நிற்கிற மாதிரி நிற்கும். நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, பால்கோவா கிண்டுகிற வீட்டில் பிறந்தவள். பாலில் தண்ணீர் சேர்ந்திருந்தால் வாயில் வைக்குமுன்பே என் மூக்குக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவள் பாதிக்குப் பாதி சிக்கரி கலந்து காப்பித்தூள் என்று பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன்.

"சிக்கரி இல்லாட்டி நெறம் வராதுட்டி. ஊரு குடிக்காது" என்பார் அவர்.

ஒரே ஒரு டப்பாவாவது சுத்தக் காப்பி வைப்போம் என்று ஒற்றைக்காலில் நின்றேன். சரி என்றார். ஆனால் நாங்கள் வாங்கும் கொட்டை யார் தோட்டத்தில் விளைந்தது என்று கேட்டால் தரகருக்கே தெரியவில்லை. எல்லாத் தோட்டமும் ஒரே சாக்கில் கலந்து வருகிறதாம். எனக்கு அது பிடிக்கவில்லை. பங்குனியில் ஒரு மழை பெய்து ஓய்ந்ததும் இரண்டு பேருமாக ஜீப் பிடித்து மலைக்குப் போனோம்.

காப்பிச் செடி பூத்து அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. கிளை நெடுக வெள்ளை. மல்லிகை மாதிரி ஒரு மணம், ஆனால் மல்லிகையைவிட லேசு. மூடுபனி வந்து பூக்களை மறைக்கும், மணம் மட்டும் நிற்கும். பனி விலகினால் பூ தெரியும், மணம் எங்கேயோ போயிருக்கும். மூன்று நாள்தான் இருக்குமாம் அந்தப் பூ. பிறகு கருகி உதிர்ந்துவிடும். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அங்கேதான் அவளைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். ஆரஞ்சு மரங்களும் பலா மரங்களும் நிழல் கட்டிய ஒரு சின்னத் தோட்டம் அவளுடையது. புருஷன் இல்லை. பாடெல்லாம் அவளே பட்டாள்.

பூத்திருக்கும்போதே வியாபாரி வந்து தோட்டத்துக்கு மொத்தமாக விலை பேசிவிடுவாராம். தை மாதம் வந்து எடுத்துக்கொண்டு போவாராம்.

"பழத்தை மட்டும் பறிக்கமாட்டியா? காயும் சேர்ந்தா கசக்குமே" என்று கேட்டேன்.

"பழமும் காயும் ஒரே வெலைன்னா நான் எதுக்குக்கா கண்ணு நோகப் பொறுக்கணும்? உருவிப் போட்டுட்டுப் போறேன்" என்றாள்.

அந்தப் பூவின் மயக்கத்திலேயே பேசிவிட்டேன். பழமாகப் பறித்துக் கழுவிக் காயவைத்துக் கொடு, விலையை உட்கார்ந்து சேர்ந்தே பேசுவோம், சந்தையில் விலை இறங்கினாலும் பேசினதை இறக்கமாட்டோம் என்றேன். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் தலையாட்டினார்.

அவளுக்கு அது லேசான காரியம் இல்லை. இந்த வருடம் வேண்டாம் என்று சொன்னால் வியாபாரி அடுத்த வருடம் அவள் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார். மலையில் மற்ற வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் பிழைத்தால் தாங்களும் வருவது என்றும், இவள் மாட்டிக்கொண்டால் வாயைத் திறப்பதில்லை என்றும் இருந்தார்கள். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இரண்டு நாள் கழித்து போன் வந்தது. வியாபாரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

தையில் நான் மறுபடியும் மேலே போனேன். அவள் சிவந்த பழத்தை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு பழத்தைப் பிதுக்கி என் வாயில் போட்டாள். வழுவழுவென்று இனித்தது. தோலை நீக்கும் கைமெஷின், ஒரு ராத்திரி ஊறுகிற தொட்டி, காலையில் ஓடைத் தண்ணீரில் கழுவல், பிறகு தார்ப்பாயில் வெயிலுக்கு விரிப்பு. வெயில் போனால் மூடவேண்டும், வந்தால் திறக்கவேண்டும். அவள் நாளெல்லாம் வானத்தைப் பார்த்தபடியே இருந்தாள். நானும் கூட உட்கார்ந்து கொட்டையைக் கிண்டி விட்டேன். எப்போது தூங்கிப்போனேன் என்று தெரியவில்லை. எழுந்தபோது என்மேல் அவளுடைய சேலை போர்த்தியிருந்தது.

முதல் மூட்டையை அவளே உரலில் குத்தி ஓடு நீக்கி, ஜீப்பில் ஏற்றி, அடிவாரம் வரைக்கும் தானும் கூட வந்து அனுப்பினாள். மற்ற மூட்டைகள் இன்னும் மேலேயே இருந்தன. முதல் மூட்டை எப்படி என்று தெரிந்தபிறகு அனுப்புவதாகப் பேச்சு.

மூட்டையைப் பிரித்து உருளையில் கொட்டினார் வீட்டுக்காரர். சூடு ஏறியது. வழக்கம்போல நான் கனவுக்குள் போகத் தயாரானேன். ஆனால் வந்தது வேறு மணம். கண்ணை மூடினால் கோவில் பிரகாரத்தில் நிற்கிறேன். இன்னும் கொஞ்சம் போனால் குளிப்பாட்டிய பச்சைக்குழந்தையின் தலைமுடி. எதிர் வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன மதினி, கடையில பூசையா?" என்றாள்.

"ஏட்டி, மெஷினுக்குள்ள என்னத்தப் போட்டே?" என்று வீட்டுக்காரர் கத்தினார்.

சாம்பிராணி. காப்பிக் கொட்டை பக்கத்தில் இருக்கும் வாசனையையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் கடையில் ஊதுபத்திகூட ஏற்றமாட்டோம். அரைத்து, டிகாஷன் இறக்கி, நல்ல பால் ஊற்றிக் குடித்துப் பார்த்தோம். முதல் வாய் சாம்பிராணி, இரண்டாவது வாயும் சாம்பிராணி. அந்தப் புகை அடங்கியபிறகு, நாக்கின் ஓரத்தில், பழத்தின் இனிப்பும் மெல்லிய புளிப்புமாக ஒரு ருசி வந்து நின்றது. அப்படியொரு காப்பியை நான் குடித்ததேயில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சிக்கரியில கலந்துருவோம். ஒருத்தருக்கும் தெரியாது. அந்தப் புள்ளைட்டயும் ஒண்ணும் சொல்லாத, பாவம்" என்றார் அவர். பட்டாளத்துக்காரருக்கு இத்தனை இளகிய மனசு இருக்கக்கூடாது. ஆனால் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவள் வந்தால், நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிட வேண்டும். வியாபாரியைப் பகைத்துக்கொண்டு வந்தவள் மனசு ஒடிந்து போகக்கூடாது.

அந்த வாரமே அவள் மலை இறங்கி வந்தாள். குளித்து, பூ வைத்து, விசேஷத்துக்கு வருகிற மாதிரி வந்தாள். கடை ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டாள். அவள் காப்பியையே போட்டுக் கொடுத்தேன். வாங்கிக் கண்ணை மூடிக் குடித்தாள்.

"வாசமா இருக்குல்லக்கா?" என்றாள்.

நான் பால் பாத்திரத்தை மூடி வைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

"ஜீப்பு வர்ற பாதையில தூத்தல் போட்டுருச்சு. அடிவாரத்துல அய்யனார் கோவில்கிட்ட எறக்கிப் பாத்தா சாக்கு ஈரம். எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. பொறவு அங்கனயே விரிச்சு, செத்த நேரம் காத்தாட விட்டு, கோவில்ல சாம்பிராணி வாங்கி நல்லாப் பொக போட்டேன். நம்ம பிள்ளைக்குத் தலை தொவட்டிட்டுப் போடுவோம்ல, அது மாதிரி. அம்புட்டு ஈரமும் போயிருச்சு."

பையை விரித்துக் காட்டினாள். உள்ளே சாம்பிராணிப் பொட்டலங்கள். கடைவீதியில் அப்போதுதான் வாங்கியது.

"மிச்ச மூட்டைக்கும் போட்டுறலாம்னு இருக்கேன்."

நல்லாயிருக்கு என்ற வார்த்தை என் வாய் வரைக்கும் வந்திருந்தது. அதை விழுங்கினேன். என் வீட்டுக்காரர் டப்பாக்களைத் துடைக்கிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"இந்த மூட்டை கெட்டுப்போச்சும்மா" என்றேன். "சாம்பிராணிதான் கெடுத்துருச்சு. இதை நான் சுத்தக் காப்பின்னு விக்க முடியாது. மிச்சத்துல போட்டா அதுவும் போயிரும்."

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விரல்கள் பையின் காதைச் சுருட்டின, விரித்தன. மறுபடியும் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டே குடித்தாள்.

"ஆமா" என்றாள். "பொகதான் இருக்கு."

பேசின விலை பேசினதுதான் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அந்த ஒரு மூட்டையின் நட்டத்தை இரண்டு வீடும் பாதிப் பாதி ஏற்பது என்று முடிந்தது. இனி அவள் எழுந்து போய்விடுவாள், வியாபாரியின் காலில் விழுவாள் என்று நான் நினைத்தேன். அவள் அசையவில்லை. கண் நிறைந்திருந்தது, ஆனால் அது வருத்தம் மாதிரி இல்லை.

"வியாபாரி இத்தன வருசமா எடுத்துட்டுப் போறாரு. ஒரு நாளும் என் காப்பி நல்லாருக்குன்னு சொன்னதில்ல, கெட்டுப்போச்சுன்னும் சொன்னதில்ல. குடிச்சுப் பாத்துச் சொன்னது நீங்கதான்" என்றாள்.

பிறகு ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பொகைக்குப் பொறவு என்ன வருது? ஒண்ணு விடாமச் சொல்லுங்கக்கா."

வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளைப் பற்றி விசாரிக்கிற தாய் மாதிரி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்த இனிப்பைச் சொன்னேன், புளிப்பைச் சொன்னேன், அது நாக்கில் எங்கே நிற்கிறது என்று சொன்னேன். கடைசி பஸ் போய்விட்டது. அவள் கவனிக்கவில்லை.