சிரிக்காமல் சொல்ல வைத்த மிஸ்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தவமலர் மிஸ் இறந்துவிட்டார் என்று தொலைபேசி வந்தபோது நான் கண்ணாடி முன் நின்று மீசைக்குக் கறுப்பு மை பூசிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது. அப்படியே கிரவீனில் இருக்கும் என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு ஓடினேன். மிஸ் இருந்திருந்தால், "ஞானம், நீர் எந்தப் பக்கத்துக் கட்சி?" என்று கேட்டிருப்பார்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரிடம் படித்தவர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பல்கலைக்கழகத்தில் அவர் அறையைக் கூட்டியவன். தீர்ப்புக்குள் சட்டத்தோடு வேறு என்னென்ன புகுந்துகொள்கிறது என்பது அவருடைய பாடம். சட்டம் படிக்கப்போகும் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்வதும் அவர்தான். பிடிக்காத விண்ணப்பத்தைக் கிழித்து முகத்தில் எறிவார். நான் கூட்டி அள்ளிய குப்பையில் பாதி உங்கள் எதிர்காலம்.

என் அகதி வழக்கு ஒருமுறை தோற்று, மறு விசாரணைக்கு வந்தது. அதிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"ஆமி முகாமில என்ன செய்தவங்கள்? சொல்லும்" என்றார் மிஸ்.

கம்பியால் முதுகைக் கிழித்ததைச் சொன்னேன். பெற்றோல் ஊற்றிய பையைத் தலையில் கட்டியதைச் சொன்னேன். "ஊரெல்லாம் பெற்றோல் தட்டுப்பாடு மிஸ், எனக்கு மட்டும் ஓசியில" என்று சிரித்தேன். வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வராது.

மிஸ் என்னை வகுப்புக்கு இழுத்துப் போனார். ஆறு பிள்ளைகளை நீதிபதிகளாக இருத்தினார். நான் சொல்லச் சொல்ல அவர் ஆங்கிலத்தில் சொன்னார். நான்கு பேர் என்னைப் பொய்யன் என்றார்கள். 'சித்திரவதைப்பட்டவன் சிரிக்கமாட்டான்' என்று ஒரு பெடியன் காரணமும் எழுதினான்.

மிஸ் தடித்த சட்டப் புத்தகத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தார். எனக்கும் சூடேறிவிட்டது. சேட்டைக் கழற்றி முதுகைக் காட்டினேன். அந்தப் பெடியன் வெளியே ஓடி வாந்தி எடுத்தான். அதையும் நான்தான் துடைத்தேன்.

"ஒரே கதை. ரெண்டு பேர் நம்பினவை, நாலு பேர் நம்பேல்ல. இதுதான் ஞானம் நான் படிப்பிக்கிறது" என்றார் மிஸ். பிறகு மேசையில் கையால் ஓங்கிக் குத்தினார். "அடிச்சவனுக்கு வெக்கம் வரக்கூடாதெண்டோ நீர் சிரிக்கிறீர்?"

அன்றுதான், இந்த நாட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக, நான் குழறி அழுதேன். விசாரணையில் சிரிக்காமல் சொன்னேன். விசா கிடைத்தது.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு கேள்விதான். பகிடி வாய்க்கு வரும்போதெல்லாம் அது வந்து குறுக்கே நிற்கிறது.

போன ஞாயிறு நினைவுக் கூட்டத்தில் அந்தப் பையைப் பற்றி ஒரு பகிடியும் விடாமல் பேசி முடித்தேன். என் இடத்துக்கு வந்து இருந்தேன். கதிரையின் கால் முறிந்து நிலத்தில் விழுந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எழும்பி, வேறு கதிரை எடுத்துப் போட்டு இருந்தேன்.