வியாழக்கிழமை கிளினிக்

"டாக்டர்கிட்ட சிங்களத்துல நல்லா வெளக்கமா கேளு. அவ பக்கத்துல இல்லாத நேரம் பாத்துக் கேளு. என்ன வருத்தம், என்ன நோய்னு தெரிஞ்சா போதும்" என்றார் எஸ்ரன் மாமா. என் அம்மாவின் தம்பி. கட்டுகஸ்தோட்டையில் வான் ஓட்டுகிறவர். எதற்கும் அசையாத மனிதர். அன்று கையிலிருந்த வான் சாவியையே தேடிக்கொண்டு நின்றார்.

அவருடைய மனைவி மரியகொறற்றி அத்தை கண்டி டவுனில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறார். விடியுமுன் சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவது, கடை, திரும்பி வந்து மறுபடியும் சமையல். ஞாயிறு பூசை முடிந்தால் துணி துவைக்க வேண்டும். இதற்கிடையில் சில மாதங்களாக ஒவ்வொரு வியாழன் காலையும் பெரியாஸ்பத்திரிக்குக் கிளினிக் போய்வந்தார். கேட்டால், "பிரஷர்தான்" என்பார். பிரஷருக்கு வாராவாரம் யார் போகிறார்கள்? கையில் பெரிய எக்ஸ்ரே கவர் வேறு. அதைத் திறந்து பார்க்க மாமாவுக்குத் தைரியம் வரவில்லை. சாராயத்தை விட்டார். அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார். கோயில் பெண்கள் அத்தைக்காகச் செபமாலை சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

"ஒனக்கு எதுக்கு புள்ள இந்த அலைச்சல்? எறங்கி வீட்டுக்குப் போ" என்று அந்த வியாழன் துணைக்கு வந்த என்னைப் பஸ்ஸிலேயே அத்தை திருப்பி அனுப்பப் பார்த்தார். நான் இறங்கவில்லை.

கிளினிக் மண்டபத்தில் நம்பர் எடுக்கும் வரிசையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. பின்னால் சுவரோரமாக ஒரு நீள மர வாங்கில் உட்கார்ந்தார். எக்ஸ்ரே கவருக்குள்ளிருந்து வெள்ளை மட்டைகளை எடுத்தார். கடையில் புதுச் சட்டைகளுக்குள் வைத்து வரும் மட்டைகள். பிறகு ஒரு பென்சில். எதிரே காலை நீட்டி உறங்கிய கிழவரை வரையத் தொடங்கினார்.

"அத்தை, நம்பர் எடுக்கலையா?"

"எதுக்கு? எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

அவர் முன்பே வரைந்திருந்த மட்டைகளை வாங்கிப் பார்த்தேன். கொட்டாவி விடும் தாய், மடியில் கோத்த கைகள், மருந்துப் பையைப் பல்லால் அவிழ்க்கும் ஒருவர். எல்லாரும் இதோ எழுந்துவிடுவார்கள் போலிருந்தது. எத்தனையோ முறை அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அவருக்கு வரைய வரும் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

"வீட்டுல ஒக்காந்தா, சும்மாதானே இருக்கன்னு ஆளுக்கொரு வேல சொல்றாங்க. கோயில்ல ஒக்காந்தா பூ கட்டச் சொல்றாங்க. வருத்தம்னு சொன்னாத்தான் யாரும் ஒண்ணும் கேக்கிறதில்ல. மொதலாளியே லீவு குடுத்துட்டாரு. இங்க பாரேன், ஒருத்தராவது அசையிறாங்களா?"

"ஒங்களுக்குப் புற்றுநோய்னு மாமா நெனச்சிக்கிட்டு இருக்காரு."

பென்சில் நின்றது. "என்னது?"

"அவரு ஏன் குடிய விட்டாருன்னு நெனச்சீங்க?"

"வயித்தெரிச்சல்னுல்ல சொன்னாரு!"

மட்டைகளை அள்ளிக் கவருக்குள் திணித்துக்கொண்டு எழுந்தார்.

அன்று மாலை குசினி அடுப்பருகில் வைத்து அவரே மாமாவிடம் சொன்னார். மாமா என்னைப் பார்த்தார்.

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டரையே பாக்கல மாமா. வருத்தமே இல்ல."

கதிரையில் தொப்பென்று உட்கார்ந்து சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். திடீரென்று சிரிப்பு நின்றது.

"அப்ப இவ்வளவு நாளும் படம் கீறவா போன? நான் இங்க செத்துச் செத்துப் பொழைச்சேன்டி!"

அத்தை, "இனிமே போகல" என்று மட்டும் சொல்லி, கவரை அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டார்.

மாமா எழுந்து அதை இறக்கினார். முதல்முறையாகத் திறந்தார். மட்டைகளை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார்.

"ஊருல உள்ளவங்க எல்லாரும் இருக்காங்க. நான் எங்க?"

"நீங்க எப்ப ஒரு எடத்துல அசையாம இருந்தீங்க?"

அப்போது ஃபோன் அடித்தது. கோயில் பெண்களில் ஒருவரான வடிவம்மா அக்கா. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பதற்காகத்தான். அத்தை கை நீட்டுவதற்குள் மாமா எடுத்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"இன்னும் சொகமாகல அக்கா. வாராவாரம் கட்டாயம் வரச் சொல்லியிருக்காங்களாம். ஆமா, வியாழக்கிழமைதான். நீங்க செபத்த விட்டுறாதீங்க."

செப விஷயத்தில் மாமா பொய் சொல்லி நான் கேட்டதேயில்லை. ஃபோனை வைத்தவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. மேசையிலிருந்த கிழவரின் படத்தைக் கையில் எடுத்தார்.

"இந்த மனுசனுக்குக் காலக் காணோமே" என்றார். "வர்ற வியாழக்கிழமை போட்டுரு."