மெட்டில் இருந்து இறங்கிய ஜீப்பு

இது கட்டிவிட்ட கதை என்கிறவர்கள் ஏலத்தோட்டத்தில் வேலை முடிந்ததும் அழகுராஜாவின் ஜீப்பில் ஒரு தடவை கீழே இறங்கட்டும். அப்புறம் வந்து பேசட்டும்.

மொக்கம்மாளுக்கு அந்த டிரைவரைக் கண்டாலே ஆகாது. வண்டி நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு, மலைமேல் போடிமெட்டு டீக்கடைப் பக்கம் ஒதுங்கிக் குடிக்கிறவன் மனுசனா? அவனுக்கு அடிக்கடி நினைவு தப்புமாம். டாக்டர் அதற்கு 'பிளாக் அவுட்' என்று பெயர் சொன்னாராம். பட்டம் வாங்கியவன் மாதிரி அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அன்று அவள் மகள் சுகன்யாவும் அதே வண்டியில் இருந்தாள். ஏழு மாதக் கர்ப்பம்.

சாயங்காலம் 6.10. மெட்டில் கரண்டு போனது. மூடுபனி வேறு. கடையும் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை. முன் சீட்டு கிறீச்சிட்டது. ஜீப்பு நகர்ந்தது.

"லைட்டப் போடுடா, எடுபட்ட பயலே."

லைட்டு எரியவில்லை.

முதல் வளைவு. பாம்... பாம்... ஹாரன் அடித்து மெதுவாகத் திரும்பியது. எவ்வளவு குடித்தாலும் இறக்கத்தில் அவன் தப்பு செய்ததில்லை. அந்தத் திமிர்தான் அவனுக்கு.

இரண்டாவது வளைவு. பாம்... பாம்...

பிராந்தி வாடையே இல்லை.

மொக்கம்மாள் ஒரு கையால் மகளை அணைத்துக்கொண்டாள். பயமாக இருந்தது. மறு கையை நீட்டி டிரைவரின் தோளைத் தட்டினாள்.

கைக்குச் சீட்டு மட்டும்தான் தட்டுப்பட்டது.

பாம்... பாம்...

வாயைத் திறந்தால் வண்டி நின்றுவிடுமோ, பள்ளத்தில் போய்விடுமோ... அவள் மூச்சுக்கூட விடவில்லை.

மலையடிவாரம், முந்தல். தெருவிளக்கு. ஜீப்பு ஓரமாக நின்றது.

முன்னால் யாரும் இல்லை.

மறுநாள் அழகுராஜா முதல் பஸ்சில் இறங்கி வந்தான். எவனை ஓட்டச் சொல்லிவிட்டு எங்கே விழுந்து கிடந்தாய் என்று மொக்கம்மாள் வாய்க்கு வந்தபடி ஏசினாள். டீக்கடை பெஞ்சுக்கு அடியிலேயே கிடந்ததாகவும், யாரையும் அனுப்பவில்லை என்றும் சொன்னான். வெட்கம் கெட்டவன். அவள் காறித் துப்பினாள்.

அவன் குனிந்த தலை நிமிரவில்லை.

"மூணு வருசமா எறக்கத்துல நான் ஓட்டுனதே எனக்கு ஞாபகமில்ல ஆத்தா. மெட்டுல ஸ்டியரிங்கப் பிடிப்பேன். முழிச்சா முந்தல்ல இருப்பேன்."

"நடுவுல?"

"தெரியாது. பிடிச்ச ஒடனே என் கை மேல இன்னொரு கை வந்து உக்காரும். அது வரைக்குந்தான் ஞாபகம்."