விவேகத்துக்குக் கண் திறந்த காலை

சிராங்கூன் ரோட்டில் கோயில் கோபுரச் சுதை வேலை முடிந்ததும், கம்பெனி என்னை நகரத்துக்குள் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்றுக்கு அனுப்பியது. அதன் முகப்பு உச்சியில் சுதைப் பெண் ஒருத்தி. ஒரு கையில் பாம்பு, மறு கையில் கண்ணாடி. மழை அவள் முகத்தைத் தின்றிருந்தது. புதுச் சுண்ணாம்புச் சாந்தில் அதை மீட்டுக் கொடுப்பது என் வேலை.

நான்கு நாள் அவளோடு சாரத்தில் இருந்தேன். கீழே பஸ்கள் சத்தமில்லாமல் ஊர்ந்து போகும். கடல்காற்று வரும். அவள் ஏதோ பேச வாயெடுப்பதுபோல் இருக்கும். எனக்கு இறங்கவே மனம் வராது.

ஒரே ஓர் உறுத்தல். அவளுக்குக் கருவிழி இல்லை, கண் வெறும் முட்டையாக இருந்தது. எங்கள் தொழிலில் சாமி சிலைக்குக் கருவிழி கீறிக் கண் திறப்பதுதான் கடைசி வேலை. திறந்ததும் சாமிக்குக் கண்ணாடி காட்டுவோம். கண்ணாடியைக் கையிலேயே கொடுத்துவிட்டு எவனோ பாதியில் போய்விட்டான் என்று முடிவு கட்டினேன். பெரிய மேதாவி நான்! ஐந்தாம் நாள் விடியலில் குளித்து, விபூதி பூசி வந்து, கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே இரண்டு கருவிழியையும் கீறிவிட்டேன். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன். முதலில் ஏறி வந்த சூப்பர்வைசர் சங்கர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அண்ணே, என்ன லா பண்ணி வச்சிருக்கீங்க? இது சாமி இல்ல. விவேகம்னு ஒரு குணம், அதைப் பொம்பளையா செஞ்சிருக்காங்க. பாம்பு புத்திக்கு, கண்ணாடி தன்னைத்தானே பார்த்துக்கிறதுக்கு. பழைய போட்டோல கண்ணு பிளேனாதான் இருக்கு. அப்படியே இருக்கணும்."

"கண்ணு இல்லாம எப்படிப்பா தன்னைப் பார்ப்பா?"

"அதை மேடம்கிட்ட கேளுங்க. அடுத்த வாரம் உங்க ஒர்க் பெர்மிட் ரினியூவல், ஞாபகம் இருக்கா?"

பெர்மிட் போனால் பிழைப்பு போச்சு. ஊரில் மகள் நர்சிங் இரண்டாம் வருஷம்.

மேடம் அந்தக் கட்டடத்தின் ஆர்க்கிடெக்ட், சீனப் பெண்மணி. நெடுநேரம் அந்த முகத்தையே பார்த்தார். கீறல் என் புதுச் சாந்தில்தான் இருக்கிறது, பழைய உடம்பில் படவில்லை என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு போட்டோ எடுத்தார். என்ன நடந்தாலும் ஃபைலில் ஏற்றுவது அவர்கள் வழக்கம். சங்கரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"திறந்தவரே மூடட்டும்னு சொல்றாங்க, அண்ணே. கம்பெனிக்கு கம்ப்ளெய்ன்ட் போகாது."

திறந்த கண்ணை மூடுவது எங்களில் யாரும் செய்யாத காரியம். அவளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நின்றிருந்தவன் சற்று விலகினேன். இன்னொரு தரம் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு சாந்து வைத்து மூடினேன்.

பெர்மிட் கிடைத்தது. இப்போது என் கீழே வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குறை என்று கை வைக்குமுன், அது குறைதானா என்று கேளுங்கள்.

அந்த வழியே பஸ்ஸில் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்கிறேன். கண் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு காலைப்பொழுது அவள் தன் முகத்தைப் பார்த்துவிட்டாள். ஃபைலில் போட்டோ இருக்கிறது.