பூனைக்கு ஒரு மீன்

முல்லைத்தீவில் எங்கள் கரையில், படகு வந்ததும் மாதா கோயிலுக்கென்று ஒரு மீனை ஒதுக்கி ஏலம் விடுவார்கள். யாரோ சாக்கில் கட்டி எறிந்த பூனை ஒன்றை நான் எடுத்து வைத்திருந்தேன். அதன் முறிந்த காலுக்கு வவுனியாவில் சத்திரசிகிச்சை செய்ய என்னிடம் பணமில்லை. வெட்கத்தை விட்டு, பூனைக்கும் ஒரு மீன் தாருங்கள் என்று கரையில் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். படகுக்காரரின் மனைவி றோசக்கா மட்டும் பெரிய பாரை மீன் ஒன்றைத் தூக்கித் தந்தார். பிறகு மற்றவர்களும் தந்தார்கள். ஏலத்தில் வேண்டிய பணம் சேர்ந்தது. மனிதர்களை நம்பலாம் என்று அன்று நினைத்தேன்.

கால் சரியான பூனையோடு திரும்பி வந்தபோது, என் வாசலில் மீன்பெட்டியுடன் றோசக்கா நின்றார். உள்ளே கண் திறக்காத குட்டிகள்.

"இதுகளையும் பாருங்கோ தங்கச்சி. நானும் மீன் தந்தனான் தானே."

"தாய்ப்பூனை எங்கையக்கா?"

"அது வீட்டிலை நிக்கட்டும். எலி பிடிக்கும்."

தாயில்லாமல் குட்டிகள் பிழைக்காது என்று எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஒரு குட்டியும் தப்பவில்லை.

அடுத்த முறை கரைக்குப் போனபோது, நான் கேட்காமலே பூனைக்கென்று ஒரு மீனை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதை வாங்கக் கை நீட்ட எனக்குப் பயமாக இருந்தது.